உன் துண்டும் என் வேர்வையும்

அன்பு மாப்பிள்ளை ராசுவுக்கு,

இரண்டு முழ வெள்ளைத் துண்டை ஒரே ஒரு தரம் சுழற்றிப் பதினெட்டுப் பட்டியையும் குளத்தில் இறக்கிய மகாராஜனே, என் தங்கை சரசுவைக் கட்டிய ஒரே காரணத்துக்காக நாற்பது வருஷம் என் வாயில் விழுந்து எழுந்த உத்தமனே, உன் மச்சான் எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தைக் குவித்து வைத்தால் மலைக்கோட்டை அதன் பக்கத்தில் கூழாங்கல்லாகத் தெரியும். அதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும். உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நீ போனது ஆடியில். உன் அஸ்தியை ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்தோம். கலசம் என் மடியில்தான் இருந்தது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவிரி நுங்கும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்தது. உன் ஆயுளில் உன் நிலத்துக்கு ஒரு உள்ளங்கைத் தண்ணீர் தராத காவிரி, உன்னை மட்டும் ஒரே வாயில் வாங்கிக்கொண்டது. என் கோபம் அந்தப் படிக்கட்டிலேயே தொடங்கிவிட்டது.

நம் மாவட்டத்தின் பூகோளத்தை எழுதும் வேலையை யாராவது என்னிடம் கொடுத்தால் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவேன். ஸ்ரீரங்கத்துக்காரன் வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி என்று இரண்டு ஆற்றை இரண்டு தலையணையாக அணைத்துக்கொண்டு தூங்குகிறான். லால்குடிப் பக்கம் நெல். தொட்டியம் பக்கம் வாழை. உப்பிலியபுரத்துக்குக்கூடப் பச்சைமலை ஏதோ மனசு வந்து ஓடைத் தண்ணீரை இறக்கிவிடுகிறது. மணப்பாறைக்குத் தெற்கே நாம்தான் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கி நிற்கிற ஜாதி. பாறை, செம்மண், கடலைக்கொடி. நம் மண்ணில் கிணறு வெட்டினால் தண்ணீர் வருவதற்கு முன்னால் அமெரிக்கா வந்துவிடும். கடவுள் கையை உதறும்போது தவறி விழுந்த மாதிரி ஒரு குளம். அவ்வளவுதான்.

நாம் வாலிபர்களாக இருந்தபோது திருச்சியையே தலைநகராக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது, ஞாபகம் இருக்கிறதா? நீ கடலைக் கொல்லையில் நின்றுகொண்டு, “மச்சான், தலைநகரம் வந்துட்டா நம்ம குளந்தான் மெரினா. சுண்டல் விக்க இப்பவே எடம் புடிச்சு வைங்க” என்றாய். தலைநகரம் வரவில்லை. சுண்டலுக்கான கடலை மட்டும் விளைந்தது. இப்போது அதுவும் போய், உன் கொல்லைக்கு மேற்கே மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கற்கள் முளைத்திருக்கின்றன. ‘திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து இருபதே நிமிடம்’ என்று போர்டு. விமானத்திலேயே உட்கார்ந்து வந்தாலும் இருபது நிமிடத்தில் வர முடியாது. பஸ் ஸ்டாண்டைப் பஞ்சப்பூருக்கு மாற்றிவிட்டார்கள். திருவெறும்பூரிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள்ளேயே எனக்கு ஒரு வயது கூடிவிடுகிறது. இருந்தாலும் வந்தேன். பாய்லர் தொழிற்சாலையில் வெல்டராகிக் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்றுத் திருவெறும்பூரில் வீடு கட்டிய பிறகும் சரி, வைகாசி மீன்பிடிக்கு நான் வராத வருஷம் உண்டா?

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை, பொறுத்துக்கொள். கோடையில் எங்கள் குளம் வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும் ஒரு நாள் குறிப்பார்கள். விடிந்ததும் சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் கரையில் வந்து நிற்கும். ஒரு கையில் வலை, மறு கையில் ஊத்தா, அதாவது மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கிற, அடியில்லாத மூங்கில் கூடை. அம்மனுக்குக் கற்பூரம் காட்டி முடித்ததும் ராசு வீட்டு ஆள் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். வீசினால் ஓடலாம். வீசாமல் ஒரு கால்கூடத் தண்ணீரில் படக்கூடாது. பிடித்ததை விற்கக்கூடாது, வீட்டில் குழம்பு வைக்கலாம், இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாம். இந்தச் சட்டத்தை எந்தக் கோர்ட்டும் எழுதவில்லை. ஆனால் எந்தக் கோர்ட்டின் தீர்ப்புக்கும் எங்கள் ஊர் இப்படிக் கட்டுப்பட்டதில்லை.

உன் அப்பா காலமாகி, துண்டு உன் தோளுக்கு வந்த முதல் வருஷத்தை மறக்க முடியுமா? வைகாசி வெயில், புது மாப்பிள்ளைப் பதற்றம், முகமெல்லாம் வேர்த்துவிட்டது. துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தாய். துடைக்கத்தான் செய்தாய்! அடுத்த நொடி மூவாயிரம் பேர் குளத்துக்குள். பூசாரி கற்பூரத் தட்டோடு இடுப்பளவு சேற்றில் நின்றார். ஊர்ப் பெரியவர் ஒருவரை ஜனவெள்ளம் அப்படியே தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் இறக்கிவிட்டது. அவர் தன் பங்குக்கு ஒரு கெண்டையும் பிடித்திருந்தார். “வேண்டாம், வேண்டாம்” என்று நீ துண்டை ஆட்டினாய். அதைப் பார்த்து மிச்சம் இருந்தவர்களும் குதித்தார்கள். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா எலும்பே இடம் மாறியது.

அதற்கப்புறம் நீ ஒரு தரம்கூடக் கரையில் முகம் துடைத்ததில்லை. வேர்வை கண்ணுக்குள் வழிந்தாலும் மரம் மாதிரி நின்றாய். அதோடு ஒரு புதுப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கற்பூரம் அணைந்து, பூசாரி நகர்ந்து, எல்லாம் தயாராக இருக்கும்போது நிதானமாக உட்கார்ந்து வெற்றிலை மடிக்கத் தொடங்குவாய். காம்பு கிள்ளுவாய். நரம்பு உரிப்பாய். சுண்ணாம்பைத் தடவி, திருப்பிப் பார்த்து, மறுபடியும் தடவுவாய். ஜனம் கொதிக்கும். நான் சத்தமாகச் சொல்வேன்: “மாப்ளே, நீ அந்த வெத்தலைய வாயில போடுறதுக்குள்ள மீனெல்லாம் பேரன் பேத்தி எடுத்துரும்யா.” எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். இத்தனை வருஷமும் இந்தப் பகடியைச் சொன்னேன், அடப்பாவி, ஒரு வருஷமாவது என்னைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாயா?

இந்த வருஷத்துக்கு வருகிறேன்.

நீ போன ஒரு வருஷத்துக்குள் சரசு விழாவுக்கு வரக்கூடாது என்று வீட்டில் இருந்துவிட்டாள். துவைத்து மடித்த உன் துண்டை என் கையில் கொடுத்தாள். “நீங்க ஒண்ணும் வீச வேணாம்ண்ணே. சும்மா தோள்ல போட்டுக்கிட்டு நில்லுங்க. அவரு நிக்கிற மாதிரி இருக்கும்” என்றாள். சரி என்றேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கரைக்குப் போனால் உன் பங்காளி மகன் பூபதி நிற்கிறான். விழாக்குழுத் தலைவராம். சட்டையில் அகலமான ஒரு பேட்ஜ், கழுத்தில் விசில். இனிமேல் துண்டு கிடையாது, விசில்தானாம். அதுகூடப் போகட்டும். கரையின் கிழக்குப் பக்கம் இரண்டு கருவேல மரத்துக்கு நடுவில் ஒரு கயிறு கட்டியிருந்தான். நம் தெருக்காரர்கள், அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், ஏன், மணப்பாறையில் வடை தின்ன இறங்கி வழிதவறி வந்தவன்கூடக் கயிற்றுக்கு இந்தப் பக்கம். கிழக்குத்தெரு ஜனம் மட்டும் அந்தப் பக்கம்.

ஊரெல்லாம் காலனி என்று சொன்னபோதும் நீ கிழக்குத்தெரு என்றுதான் சொல்வாய். இப்போது அந்தக் காலனி என்ற சொல்லையே அரசாங்க ஏட்டிலிருந்து எடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. நல்லது. ஏட்டிலிருந்து எடுத்துவிடலாம். கருவேல மரத்திலிருந்து கயிற்றை யார் அவிழ்ப்பது?

“என்ன தம்பி இது?” என்று கேட்டேன்.

“கூட்ட நெரிசல் மாமா. ஒரு ஒழுங்கு வேணாமா? ஆறரைக்கு மொத ரவுண்டு, ஊர்க்காரங்க. ஒம்போதுக்கு ரெண்டாவது ரவுண்டு, மத்தவங்க.”

“மத்தவங்கன்னா?”

“மத்தவங்கதான் மாமா.”

“ஒம்போது மணிக்கு என்னய்யா இருக்கும் குளத்துல? சேறும் உன் விசில் சத்தமுந்தான் இருக்கும்.”

“நீங்க விருந்தாளி. பாத்துட்டு, சாப்பிட்டுட்டுப் போங்க மாமா. பெரியப்பா இருந்திருந்தாலும் இதுக்கு ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு. அவருபாட்டுக்கு வெத்தல போட்டுக்கிட்டு இருந்திருப்பாரு.”

அந்தக் கடைசி வாக்கியம் என் காதில் கொதிக்கக் கொதிக்க விழுந்தது. ஊரில் பாதிப் பேருக்கு மாமா நான். வாய் திறந்தால் வடக்கே ரயிலே நிற்கும் என்று பெருமையடிக்கிறவன். அன்றைக்கு என் வாய் திருவெறும்பூரிலேயே தங்கிவிட்டது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் வீராயி நின்றாள். உனக்குத் தெரியாத வீராயியா? நரைத்த தலை, ஏற்றிச் செருகிய சேலை, கையில் ஊத்தா. அவளும் அவள் தெருவும் இந்த வருஷம் நேரத்தோடு வந்திருந்தார்கள். எப்போதும் கடைசியில் வருகிறவர்கள் அன்றைக்கு ஏன் முதலில் வந்தார்கள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவள் கத்தவில்லை. கயிற்றைப் பார்த்தாள். அப்புறம் என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டுகூடத் தாங்க முடியாது.

பூபதி விசிலை வாய்க்குக் கொண்டுபோனான்.

எனக்கு வேர்த்தது. கரையின் உயரமான இடத்தில் ஏறி, உன் துண்டை எடுத்து, முகத்தைத் துடைத்தேன். நன்றாகத் துடைத்தேன். நெற்றியிலிருந்து தொடங்கி, காதைத் துடைத்து, பிடரியைத் துடைத்து, தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றித் தோளில் போட்டேன்.

மாப்பிள்ளை, நீ பார்த்திருக்க வேண்டும்! கயிறு அறுந்ததா, மரம் பிடுங்கிக்கொண்டு வந்ததா என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கத்து ஜனமும் ஒரே நேரத்தில் இறங்கியதில் குளம் ஒரு சாண் மேலே ஏறியது. பூபதி விசில் ஊதினான், ஊதினான், கன்னம் இரண்டும் பலாப்பழமாக வீங்கும் வரை ஊதினான். ஒருத்தன் திரும்பவில்லை. இத்தனை வருஷம் உன் துண்டைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை.

“மாமா! என்ன பண்ணிட்டீங்க?”

“வேர்த்துச்சு தம்பி.”

“காலையில ஆறரை மணிக்கா?”

“எனக்குச் சர்க்கரை இருக்குய்யா. சர்க்கரைக்காரனுக்கு மார்கழியிலயும் வேர்க்கும்.”

அன்றைக்கு நான் எப்படி நிமிர்ந்து நின்றேன் தெரியுமா? உறையூரிலிருந்து ஆண்ட சோழன்கூடப் போரில் ஜெயித்துவிட்டு அப்படி நின்றிருக்க மாட்டான். ஒரு மணி நேரம் அந்தக் கிரீடம் என் தலையில் இருந்தது. அப்புறம் வீராயி வந்தாள், ஒரு கையில் ஊத்தாவும் மறு கையில் முழங்கை நீள விரால் மீனுமாக. சேறு சொட்டிக்கொண்டிருந்தது.

“ஏங்க திருவெறும்பூர்க்காரரே, நல்லா வேர்த்துச்சு உங்களுக்கு.”

நான் பல்லைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

“அவரு மொத வருஷம் மொகத்தத் தொடச்சாருல்ல, அன்னைக்கு நாங்க வந்து சேரல. உங்க ஆளுங்க தொழுவத்தையெல்லாம் கூட்டிப் பெருக்கிட்டு ஓடியாந்தேன். பாத்தா வெறுஞ்சேறு. ஊத்தாவ வச்சுக்கிட்டு இந்தா, இதே எடத்துல நின்னேன். அவரு பாத்தாரு. அடுத்த வருஷத்துலேருந்து வெத்தல. எங்க தெருவுல கடைசி ஆளு கரையேறுற வரைக்கும் மடிப்பாரு. அதுக்கப்புறந்தான் துண்டு. இந்த வருஷம் மடிக்க ஆளில்லன்னுதான் நேரத்தோட வந்தோம்.”

நான் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தேன்.

“நல்ல மனுசன், இல்லங்கல. ஆனா ஒரு நாளாச்சும் எந்திரிச்சு நின்னு, அவங்களும் வரட்டும்யான்னு சொன்னாரா? மாட்டாரு. வெத்தலைக்குள்ள வச்சு மடிச்சுக்கிட்டாரு. இப்ப நீங்க வேர்வையத் தொடைக்கிறீங்க. வாயத் தொறந்து சொல்றதுக்கு உங்க வீட்டுல யாருக்குமே வராதா? நாங்க இன்னும் எத்தன வருஷத்துக்கு உங்க வெத்தலையிலயும் வேர்வையிலயும் மீன் புடிக்கிறது?”

மீனை என் கையில் திணித்தாள். “சரசுக்குக் குடுங்க” என்று சொல்லிவிட்டு மறுபடியும் தண்ணீருக்குள் போனாள்.

இப்போது சொல், நான் உன்மேல் கோபப்படலாமா கூடாதா? நீ வாய் திறந்து ஒரே ஒரு வருஷம் சொல்லியிருந்தால் அது ஊர் வழக்கமாகியிருக்கும். விற்கக்கூடாது என்பது மாதிரி, வீசாமல் இறங்கக்கூடாது என்பது மாதிரி, கிழக்குத்தெரு வந்து நிற்காமல் துண்டு இல்லை என்பதும் ஒரு சட்டமாகியிருக்கும். பூபதியின் அப்பனால்கூட அதன்மேல் கயிறு கட்ட முடிந்திருக்காது. நீ நல்லவனாக இருந்தாய். அதை யாருக்கும் தெரியாமல் செய்தாய். போகும்போது கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டாய். மிச்சம் என்ன? பெரியப்பா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்று அவன் என் முகத்துக்கு நேரே சொல்கிறான், அதை மறுக்க என்னிடம் ஒரு சாட்சி இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சரசுவிடம் சண்டைக்கு நின்றேன். “உனக்கு இது தெரியுமா?”

“தெரியும்ண்ணே.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க எப்பண்ணே கேட்டீங்க? வெத்தலையக் கிண்டல்தான் பண்ணுனீங்க.” சாம்பலைத் தொட்டு மீனை உரசிக்கொண்டே சொன்னாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கோபம் அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். பூபதி எழுந்து, “மாமா தெரிஞ்சு செஞ்சாரா, தெரியாம செஞ்சாரான்னு அவரே சொல்லட்டும்” என்றான். ஊர் மொத்தமும் என் வாயைப் பார்த்தது. ஓரமாக, தெரு விளக்குக் கம்பத்தடியில், வீராயியும் அவள் தெருவிலிருந்து நாலைந்து பேரும் நின்றார்கள். சொல்ல வேண்டிய இடம் அதுதான். நேரமும் அதுதான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அட, வேர்த்துச்சுய்யா” என்றேன். சர்க்கரை, பிரஷர், திருவெறும்பூர் வெயில் என்று ஒரு கதாகாலட்சேபமே நடத்தினேன். உன் முதல் வருஷத்துக் கூத்தையும் இழுத்துவிட்டேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பூபதியும் சிரித்துவிட்டான். “சரி விடுங்க, வயசான மனுசன், தெரியாம நடந்துபோச்சு. அடுத்த வருஷம் கயித்த இன்னும் கெட்டியாக் கட்டிக்கலாம்” என்று முடித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது விளக்குக் கம்பத்தடியில் யாரும் இல்லை.

மாப்பிள்ளை, எனக்கு வேர்க்கவே இல்லை. வைகாசிக் காலையில் குளத்துக் காற்று எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? முகம் உலர்ந்து கிடந்தது. வேண்டுமென்றே துடைத்தேன், வேண்டுமென்றே சுற்றினேன். அதுவரைக்கும் சரி. அப்புறம் ஊர் முன்னால் அதைத் தெரியாமல் நடந்ததாக ஆக்கியது நான்தான். அடுத்த வருஷத்துக் கயிற்றின் முதல் முடிச்சைப் போட்டதும் நான்தான். உன்மேல் இவ்வளவு கோபப்படுகிறேனே, அதில் முக்கால்வாசி யார்மேல் என்று உனக்குப் புரிந்திருக்கும். நீயாவது ஒரு வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாய். நான் மைக் இல்லாத குறையாகப் பேசியே சும்மா இருந்தேன்.

அதனால்தான் இதை உன் படத்துக்கு முன்னால் வைத்துப் படிக்காமல் அச்சுக்குக் கொடுக்கிறேன். நம் ஊர் டீக்கடைக்கு வருகிற பத்திரிகையில் வரும். பூபதி படிக்கட்டும். படிக்க நேரமில்லை என்றால் யாராவது அவன் காதில் விசில் மாதிரி ஊதட்டும்.

வருகிற வைகாசிக்கு நாள் குறிக்கிற கூட்டத்துக்கு நான் வருவேன். பஞ்சப்பூரில் பஸ் கிடைக்காவிட்டால் நடந்து வருவேன். வீராயி எங்கே நிற்கிறாளோ அங்கே போய் நின்று, அவள் காதில் விழுகிற மாதிரி சொல்வேன்: கயிறு கூடாது, கிழக்குத்தெருவின் கடைசி ஆள் கரையேறிய பிறகுதான் துண்டு, ராசு இத்தனை வருஷம் அப்படித்தான் செய்தான், போன வருஷம் நானும் தெரிந்தேதான் செய்தேன். முடியாது என்று அடித்துத் துரத்தினால் மறு வருஷமும் வந்து அதையே சொல்வேன். இந்த முறை பகடி கிடையாது. அன்றைக்கு முகத்தில் எத்தனை வேர்த்தாலும் வழியட்டும் என்று விட்டுவிடுவேன், துடைக்க மாட்டேன். இது உன் துண்டின்மேல் சத்தியம். அது இப்போது திருவெறும்பூரில் என் தலைமாட்டில் இருக்கிறது. துவைத்தும் வெற்றிலைக் கறை போகவில்லை.

வேர்க்காமலே துடைத்த,
உன் மச்சான்